கணவரும் மகனும் கனடா வர வேண்டுமா? முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள்

கேள்வி: நான் திருப்பூர்ப் பெண். 2023 ஜனவரியில் ஒன்டாரியோ வந்து, முதுகலைப் படிப்பை 2024 ஆகஸ்ட்டில் முடித்தேன். மூன்று வருட பிஜிடபிள்யூபி (படிப்பு முடித்தவர்களுக்கான பணி அனுமதி) கிடைத்திருக்கிறது, 2027 அக்டோபர் 15 வரை. கிச்சனரில் ஒரு காபிக் கடையில் பதினொரு மாதமாக முழுநேர ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கணவர் ஊரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு உடம்பு முடியாததால் படிக்கும்போது அவர்களை அழைக்க முடியவில்லை. இப்போது மகன் வீடியோ காலில் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. ஊரில் ஒரு ஏஜென்ட், மூன்று லட்சம் கொடுத்தால் இரண்டு மாதத்தில் விசா உறுதி என்கிறார். முதலில் விசிட்டர் விசாவில் அழைத்து அப்புறம் மாற்றலாம், என்னை மேனேஜர் என்று காட்டலாம், முடியாவிட்டால் கணவரைக் கல்லூரியில் சேர்க்கலாம் என்கிறார். எனக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலை வந்திருக்கிறது. தரவுத்தளத்தைப் பராமரிப்பது, அறிக்கை தயாரிப்பது, தரவைச் சோதிப்பதுதான் பணிகள். 2026 பிப்ரவரி 2-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வருட ஒப்பந்தம்தான், சம்பளமும் கொஞ்சம்தான் கூடுதல். பிஆருக்கான (நிரந்தர வதிவிட உரிமை) ஒரு வருட வேலை அனுபவம் முடியப்போகும் நேரத்தில் வேலை மாற பயமாக இருக்கிறது. மகனுக்கு ஸ்டடி பெர்மிட் வேண்டுமா? நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிச்சனர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் காப்பீட்டு நிறுவன வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் கணவருக்குத் திறந்த பணி அனுமதி, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி, கிடைக்குமா கிடைக்காதா என்பது இன்றைய நிலையில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இல்லை.

2025 ஜனவரி 21 முதல் விதி மாறியிருக்கிறது. பணி அனுமதியில் இருப்பவரின் கணவனோ மனைவியோ திறந்த பணி அனுமதி கேட்டால் குடிவரவுத் துறை இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, இங்கே இருப்பவரின் வேலை டீயர் 0 அல்லது டீயர் 1 வகையாக இருக்க வேண்டும். டீயர் என்பது ஒரு வேலைக்குத் தேவையான படிப்பு, பயிற்சி, பொறுப்பை வைத்துக் கனடா வகுத்திருக்கும் படிநிலை. டீயர் 2, 3 என்றால் ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளின் பட்டியலில் அந்த வேலை இருக்க வேண்டும். மருத்துவம், கல்வி, கட்டுமானம், அறிவியல் தொழில்நுட்பம், இயற்கை வளம் போன்றவை அதில் வருகின்றன. இரண்டாவது, விண்ணப்பம் துறைக்குப் போய்ச் சேரும் நாளில் இங்கே இருப்பவரின் பணி அனுமதியில் குறைந்தது 16 மாதம் மீதி இருக்க வேண்டும்.

உங்கள் இப்போதைய வேலையைக் கனடாவின் தொழில் வகைப்பாட்டில் உணவுச் சேவை மேற்பார்வையாளர் என்பார்கள், எண் 62020. அந்த ஐந்து இலக்கத்தில் இரண்டாவது இலக்கம்தான் டீயர். ஆக இது டீயர் 2. பிஆருக்கான அனுபவமாக இந்த வேலை செல்லும். கணவரை அழைக்கும் பட்டியலிலோ இது இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பம் போட்டு நிராகரிப்புக் கடிதத்தோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. 'பிஆருக்கு ஆகிற வேலை இதற்கு ஆகாதா?' என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் வேறு வேறு சட்டகங்கள். ஒன்றில் டீயர் 0 முதல் 3 வரை எல்லாமே கணக்கு, மற்றொன்றில் துறையையும் பார்க்கிறார்கள்.

உங்கள் உறவுக்காரர் யாராவது, 'என் மச்சான் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டே பெண்டாட்டியைக் கூட்டி வந்தானே' என்று சொல்லலாம். அவர் சொல்வது பொய்யில்லை. 2023 ஜனவரி இறுதியிலிருந்து ஒரு தற்காலிகக் கொள்கை இருந்தது, எந்த டீயர் வேலையாக இருந்தாலும் துணைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தக் கதவுதான் 2025-இல் மூடப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்ததை வைத்து இன்றைக்கு விண்ணப்பம் போட முடியாது. யூடியூபில் பார்க்கும் வீடியோவின் தேதியையும் இதே காரணத்துக்காகக் கவனியுங்கள்.

சரி, டேட்டா அனலிஸ்ட் வேலை. நீங்கள் எழுதிய பணிகள், அதாவது தரவுத்தளத்தை வடிவமைத்துப் பராமரிப்பது, வினவல்கள் எழுதி அறிக்கை தயாரிப்பது, தரவின் தரத்தைச் சோதிப்பது, இவை 21223 என்ற எண்ணுக்குப் பொருந்துகின்றன. அது டீயர் 1. ஆனால் ஒரு எச்சரிக்கை. குடிவரவு அதிகாரி உங்கள் பதவியின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, அன்றாடம் செய்யும் பணியைப் பார்க்கிறார். பெயரில் அனலிஸ்ட் என்று போட்டுவிட்டு நாள் முழுக்க படிவங்களைத் தட்டச்சு செய்யும் வேலையாக இருந்தால், அது தரவு உள்ளீட்டு எழுத்தர், எண் 14111, டீயர் 4. உங்கள் கணவருக்கு வழி அங்கேயே அடைபட்டுவிடும். எனவே கையெழுத்திடும் முன் வேலை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கனடா அரசுத் தளத்தில் 21223-க்கு எழுதியிருக்கும் முதன்மைப் பணிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை பொருந்தினால் தைரியமாகச் சேரலாம்.

சேர்ந்த பிறகு மனிதவளத் துறையிடம் வேலைச் சான்றுக் கடிதம் கேட்பீர்கள். நிறைய நிறுவனங்கள் 'இவர் எங்களிடம் பணிபுரிகிறார்' என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அது போதாது. பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், ஒப்பந்தக் காலம், பிறகு நீங்கள் உண்மையில் செய்யும் பணிகள், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அரசுத் தளத்தில் உள்ள வாசகத்தை அப்படியே வெட்டி ஒட்டிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அதிகாரிகளுக்கு அந்த வரிகள் மனப்பாடம். உங்கள் மேலாளர் தன் சொந்த வார்த்தையில் நாலைந்து வரி எழுதினாலே அதன் எடை வேறு.

ஒரு வருட ஒப்பந்தம் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். 16 மாதம் மீதி இருக்க வேண்டியது பணி அனுமதியில்தான், வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். நீட்டிக்க வாய்ப்பு உண்டு என்று நிறுவனம் மனப்பூர்வமாகச் சொன்னால் அதையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிஆர் பயமும் வேண்டாம். கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து பிஆர் கொடுக்கும் கனடிய அனுபவ வகுப்புக்குத் தேவை கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஓராண்டுத் திறன்சார் வேலை, மணிக்கணக்கில் 1,560. அது ஒரே முதலாளியிடம், ஒரே பதவியில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. காபிக் கடையில் பதினொரு மாதம் முழுநேரமாகச் செய்தது எங்கும் போகாது. புதிய வேலையின் மணிநேரம் அதோடு சேர்ந்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடையை விட்டு வெளியேறும் முன், மேலே சொன்ன மாதிரியே ஒரு விரிவான அனுபவக் கடிதத்தை அங்கேயும் வாங்கிவிடுங்கள். ஆள் மாறி, மேலாளர் மாறிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். உங்கள் பிஜிடபிள்யூபி 2027 அக்டோபர் 15-இல் முடிகிறது. அதிலிருந்து 16 மாதம் பின்னால் எண்ணினால் 2026 ஜூன் 15. அந்தத் தேதிக்குப் பிறகு போய்ச் சேரும் விண்ணப்பத்துக்கு, நீங்கள் எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும், இந்த வழியில் தகுதி இல்லை. பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும், பாஸ்போர்ட் காலாவதியால் குறைத்துக் கொடுத்திருந்தால் தவிர அதை நீட்டிக்கவும் முடியாது. உங்களுக்கு முழு மூன்று வருடமும் கிடைத்துவிட்டது. ஆகவே இந்த ஜூன் 15-ஐ நகர்த்த வழியில்லை.

அதற்காக ஜூன் முதல் வாரம் வரை காத்திருக்கவும் கூடாது. பிப்ரவரி 2-ஆம் தேதி சேர்ந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்ற கணக்கில், மார்ச் மாதம் முடியும் முன்பே மூன்று சம்பளச் சீட்டு கையில் இருக்கும். வேலைக் கடிதமும் அந்த மூன்று சீட்டும் வந்ததும், ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஏதாவது ஒரு சின்னத் தாள் விட்டுப்போய் நிராகரித்துவிட்டால், மறுபடி போடும் விண்ணப்பமும் ஜூன் 15-க்குள் போய்ச் சேர வேண்டும். கடைசி வாரத்தில் போடுகிறவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லாமல் போய்விடுகிறது. நல்ல தகுதியுள்ள குடும்பங்கள் இப்படிக் கோட்டை விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே கேட்பதில்லை.

ஏஜென்ட் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உங்களை மேனேஜர் என்று காட்டுவது, அதைச் செய்யவே கூடாது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு கனடாவுக்குள் நுழையத் தடை வரும், அந்தக் காலத்தில் பிஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது உங்கள் கணவர், சான்று கொடுப்பது நீங்கள். ஏஜென்டின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இன்று கொடுக்கும் பொய்க் கடிதத்தை நாளை உங்கள் பிஆர் கோப்பில் உள்ள உண்மையான அனுபவக் கடிதத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே துறையிடம்தான் இருக்கின்றன.

விசிட்டர் விசாவில் வந்து மாற்றுவது, இது முழுக்கச் சட்டவிரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்வையாளராகச் சட்டப்படி உள்ளே இருக்கும் துணை, உங்களுக்குத் தகுதி இருந்தால், இங்கிருந்தே திறந்த பணி அனுமதிக்கு விண்ணப்பிக்க இடம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விசிட்டர் விசா கேட்கும்போது 'சும்மா ஒரு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று எழுதச் சொல்வார்கள். மனைவி கனடாவில் வேலையில் இருக்கிறார், மகனும் கூடவே வருகிறான் என்று தெரிந்த அதிகாரி அதை எளிதில் நம்ப மாட்டார். நிராகரித்தால் அது கோப்பில் நிரந்தரமாக இருக்கும், அடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும். கிடைத்தாலும் அனுமதி வரும்வரை கணவர் ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாது. நேர்வழி திறந்திருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

கணவரைக் கல்லூரியில் சேர்ப்பது பற்றி. அவருக்குப் படிக்க ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். உங்களோடு சேர்வதற்கான சாக்காக மட்டும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டிப் படிப்பது வீண் செலவு. திறந்த பணி அனுமதியில் வந்தால் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ நீளும் படிப்புகளை ஸ்டடி பெர்மிட் இல்லாமலே படிக்கலாம். நீண்ட படிப்பு வேண்டுமென்றால் பிஆர் வந்த பிறகு உள்ளூர்க் கட்டணத்தில் படிப்பது எவ்வளவோ மேல். கட்டண வித்தியாசம் உங்களுக்கே தெரியும், கட்டியவர் நீங்கள்தானே.

'விசா உறுதி' என்று யார் சொன்னாலும் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கனடாவின் குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு அது) உங்கள் உறுப்பினர் எண் என்ன? பிரதிநிதி படிவம் ஐஎம்எம் 5476-இல் கையெழுத்துப் போடுவீர்களா? கட்டணம் வாங்கிக்கொண்டு கனடிய விசாவுக்கு ஆலோசனை சொல்பவர் அந்தக் கல்லூரியின் உறுப்பினராகவோ, கனடிய வழக்கறிஞர் சங்கம் ஒன்றில் பதிவானவராகவோ, கியூபெக் நோட்டரியாகவோ இருக்க வேண்டும். கல்லூரியின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். உரிமம் உள்ளவரிடம் போவதோ நீங்களே போடுவதோ உங்கள் விருப்பம். உங்கள் கோப்பில் சிக்கல் எதுவும் இல்லை, பொறுமையாக உட்கார்ந்தால் நீங்களே போட்டுவிடலாம் என்பது என் கணிப்பு.

அரசுக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவருக்குப் பணி அனுமதி 155 டாலர், திறந்த அனுமதிக்குக் கூடுதலாக 100, கைரேகைக்கு 85. மகனுக்கு ஸ்டடி பெர்மிட் 150. பதினான்கு வயதுக்குக் கீழ் என்பதால் அவனுக்குக் கைரேகை இல்லை. மொத்தம் 490 கனடிய டாலர், சுமார் முப்பதாயிரம் ரூபாய். மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு செலவெல்லாம் தனி. கட்டும் நாளில் தளத்தில் ஒருமுறை தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் எங்கே, இது எங்கே.

கணவரின் தாள்களில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கோயில் ரசீது, பத்திரிகை, ஆல்பம் எல்லாம் துணைச் சான்றுகள்தான், சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் முதன்மை. இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவசரம். அதற்கு இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும், ஆகவே இன்றைக்கே கணவரிடம் பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து இனிஷியல். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், திருமணச் சான்றிதழில் வெறும் எழுத்தாக முன்னால் இருக்கும், மகனின் பிறப்புச் சான்றிதழில் கணவர் பெயரே இனிஷியலாக மாறியிருக்கும். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு நான்கு விதமான கடைசிப் பெயர் இருப்பது இயல்பு என்று ஒரு கனடிய அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பெயரையெல்லாம் மாற்ற வேண்டாம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும், விளக்கக் கடிதத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள். குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் செய்தால் செல்லாது.

நீங்கள் படிக்க வந்தபோது நிரப்பிய குடும்பத் தகவல் படிவத்தின் நகலையும் தேடி எடுங்கள். அதில் கணவர், மகன் பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி எப்படி இருக்கிறதோ அதற்கும் இப்போது எழுதுவதற்கும் முரண் இருக்கக் கூடாது. அன்று தவறாக எழுதியிருந்தால் இன்று மறைக்காமல் திருத்தி, காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று வருடம் பிரிந்து இருந்ததால் உறவு உண்மையானதுதானா என்ற கேள்வி எழலாம். நீங்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு, மகன் பள்ளியில் இருவர் பெயரும் உள்ள ஆவணம், இடையில் ஊர் வந்திருந்தால் அந்தப் பயணச் சீட்டு, மாதத்துக்கு ஒன்றாகச் சில உரையாடல் பக்கங்கள், பல வருடப் புகைப்படங்கள் இருபது. அவ்வளவு போதும். இருநூறு பக்க வாட்ஸ்அப் அரட்டையை யாரும் படிக்கப்போவதில்லை. மாமியாரின் மருத்துவத் தாள் ஒன்றைச் சேர்த்து, கணவர் ஏன் அப்போது வரவில்லை என்பதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள். அது இயல்பான காரணம், அதிகாரியும் மனிதர்தான்.

பாஸ்போர்ட் காலாவதியையும் பாருங்கள். அனுமதியை பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். சிறுவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கே கிடைப்பதால் மகனுடையது சீக்கிரம் முடிவதாக இருக்கலாம். 2027 அக்டோபருக்கு முன் முடிந்தால் இப்போதே புதுப்பித்து, புதிய எண்ணோடு விண்ணப்பியுங்கள்.

இனி மகன். பணி அனுமதியில் உள்ள தாயோ தந்தையோ கூட இருக்கும் சிறுவன், கனடாவுக்குள் வந்த பிறகு ஸ்டடி பெர்மிட் இல்லாமலே பள்ளியில் படிக்கலாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதை வைத்து விசிட்டர் விசா போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஸ்டடி பெர்மிட்டே கேட்கச் சொல்வேன். பார்வையாளராக வந்தால் பெரும்பாலும் ஆறு மாதம்தான் தங்க அனுமதி கிடைக்கும், அப்புறம் நீட்டிப்புக்கு ஓட வேண்டும். ஸ்டடி பெர்மிட் என்றால் பெரும்பாலும் அப்பாவின் அனுமதியோடு ஒரே தேதிவரை இருக்கும். ஐம்பது டாலர் வித்தியாசத்துக்காக அந்த நிம்மதியை விடாதீர்கள். கல்லூரி மாணவர்களிடம் கேட்கும் மாகாண உறுதிக் கடிதம் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குத் தேவையில்லை. அப்பாவின் பணி அனுமதி விண்ணப்பத்தோடு குடும்பமாகச் சேர்த்துப் போடும்போது பள்ளியின் ஏற்புக் கடிதத்துக்கும் விலக்கு உண்டு. இருவரின் விண்ணப்பத்தையும் ஒன்றாக இணைத்தே அனுப்புங்கள், தனித்தனியாகப் போட்டால் ஒன்று வந்து ஒன்று வராத நிலை ஏற்படும். ஒன்டாரியோவில் பெற்றோர் பணி அனுமதியில் இருந்தால் பொதுப் பள்ளியில் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது.

இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவதால் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் முன்கூட்டியே முடித்து அந்தத் தாளையும் இணைத்தால் நேரம் மிச்சம். கணவர் கைரேகைக் கடிதம் வந்த 30 நாளுக்குள் சென்னை விசா மையத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட வேண்டும்.

வந்து இறங்கும் நாளில் விமான நிலைய அதிகாரி அனுமதித் தாளை அச்சிட்டுக் கொடுப்பார். கணவர் மேசையை விட்டு நகரும் முன் பெயர், முடியும் தேதி, திறந்த அனுமதி என்ற குறிப்பு மூன்றையும் படித்துப் பார்க்கட்டும். தவறு இருந்தால் அங்கேயே ஐந்து நிமிடத்தில் சரியாகும், வெளியே வந்தால் மாதங்கள் ஆகும். பள்ளியில் சேர்க்க மகனின் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் முழுநேர வேலை ஆறு மாதமாவது நீடிக்கும் என்று முதலாளி கடிதம் கொடுத்தால் ஒன்டாரியோ அரசின் ஓஹிப் மருத்துவக் காப்பீட்டில் மூவரும் சேரலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, குழந்தைகள் நலத்தொகை. தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு அது கிடைக்க 18 மாதம் தொடர்ந்து கனடாவில் வசித்திருக்க வேண்டும், 19-ஆம் மாதத்தில் அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். நீங்கள் அதை எப்போதோ கடந்துவிட்டீர்கள். மகன் உங்களோடு வாழத் தொடங்கியதும் உங்கள் பெயரில் ஆர்சி66 படிவம் போடலாம். ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கை இருவருமே தாக்கல் செய்தால்தான் அது தொடரும்.

பிஆருக்காக இணையத்தில் சுயவிவரம் போடும்போது ஒரு தூண்டுதல் வரும். அதில் படிப்பு, மொழி, அனுபவம் பார்த்து மதிப்பெண் தருவார்கள். கணவரைச் சேர்க்காமல் தனியாள் போலக் காட்டினால் மதிப்பெண் கூடுகிறதே என்று யாராவது சொல்வார்கள். உடன் வரும் கணவரையும் மகனையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பிஆர் விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னாளில் ஸ்பான்சர் செய்யக் குடிவரவு விதிமுறைகளின் 117(9)(d) தடையாக நிற்கும். அதற்குப் பதிலாகக் கணவரை ஊரில் இருக்கும்போதே ஐஇஎல்டிஎஸ் பொதுத் தேர்வு எழுதச் சொல்லுங்கள், அவர் பட்டப்படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உங்கள் சுயவிவரத்தில் மதிப்பெண் உண்டு. பிஜிடபிள்யூபி முடிவதற்குள் பிஆர் விண்ணப்பம் உள்ளே போயிருந்தால்தான் குடும்பம் இங்கே தங்குவதற்கு அடுத்த படி இருக்கும். ஆகவே ஓராண்டு அனுபவம் முடிந்த அன்றே சுயவிவரம் போட்டுவிடுங்கள்.

நிராகரித்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது. உடனே அதே தாள்களை மறுபடி அனுப்பாதீர்கள். அதிகாரி எழுதிய குறிப்பை வாங்கிப் படித்து, அவர் சந்தேகப்பட்ட இடத்துக்குப் புதிய சான்று வைத்துப் போடுங்கள். முடிவே நியாயமற்றது என்றால், வெளிநாட்டில் எடுத்த முடிவை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போக 60 நாள் அவகாசம் உண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள். ஐந்து வயதில் அம்மாவைப் பிரிந்த பிள்ளை, அவன் கோபத்தில் தவறே இல்லை. 'அடுத்த மாதம் வந்துவிடுவாய்' என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். விசா தேதி யார் கையிலும் இல்லை, தவறிய வாக்கு அவனை இன்னும் தூரமாக்கும். என்னென்ன தாள் தயார் செய்கிறீர்கள் என்று அவனுக்கும் சொல்லுங்கள், அவன் புகைப்படம் எடுக்கும் வேலையை அப்பாவோடு அவனிடமே விடுங்கள்.

ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரத் தோன்றினால், பழைய வேலையை விட்டுப் புதியதில் சேரும் இடைவெளி நல்ல நேரம். ஆனால் பிஜிடபிள்யூபி மட்டும் வைத்துக்கொண்டு கனடாவுக்குத் திரும்ப விமானம் ஏற முடியாது. பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா முத்திரை வேண்டும். படிக்க வந்தபோது ஒட்டிய விசா முடிந்திருந்தால், இங்கிருந்தே புதிய விசா வாங்கிய பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். ஊரில் மாட்டிக்கொண்டு பிப்ரவரி 2-ஆம் தேதியைத் தவறவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

கணவர் இப்போதைக்கு வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். மகனின் டிசியையும் இப்போது வாங்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் இருவருக்கும் விசா ஒட்டி வந்த பிறகு இரண்டையும் செய்துகொள்ளலாம்.